தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸ்

தனக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது என்று ஒரு பெண் ஒப்புக்கொள்வதற்குள், அவள் வீட்டில் ஒரு தடவையாவது கடுகுக்குப் பதில் கேழ்வரகு தாளிக்கப்பட்டிருக்கும். (எங்கள் வீட்டில் பல தடவை.)

எனக்கு அது தொண்ணூறுகளின் நடுவில், நாற்பதைத் தாண்டியதும் வந்தது. கண்ணாடி போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் மஸ்கட்டில் பம்ப்செட் மெக்கானிக்காக இருந்த என் வீட்டுக்காரர் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் ஊருக்கு வருவார். அவர் கடைசியாகப் பார்த்துவிட்டுப் போன முகத்தில் கண்ணாடி இல்லை. அதே முகத்தோடு போய் நின்றால் இந்தத் தடவையாவது திரும்பிப் போகாமல் இருந்துவிட மாட்டாரா என்று ஓர் ஏக்கம். "போகாதீங்க" என்று வாய்விட்டுக் கேட்க மட்டும் எனக்கு வராது. அவர் கிளம்பும்போதெல்லாம், "மாத்தரையெல்லாம் எடுத்து வெச்சீங்களா?" என்றுதான் கேட்பேன்.

கோயமுத்தூரில் ஒரு கண் டாக்டர், தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்தே கண்ணுக்குள்ளேயே வைத்துக்கொள்கிற ஒரு ஜோடி கெட்டி லென்ஸ் வரவழைத்துக் கொடுத்தார். மேல்பாதியில் தூரம், கீழ்ப்பாதியில் எழுத்து.

"படிக்கறப்ப தலையக் குனியாதீங்கம்மா. தலை நேரா இருக்கோணும், கண்ணு மட்டும் கீழ போகோணும்," என்றார்.

அதன்பிறகு நான் அரிசியில் கல் பொறுக்கியதுகூட மகாராணி தோரணையில்தான். எதிர்வீட்டு அம்மாள் பேச்சையே நிறுத்திவிட்டார். (புருஷன் வருகிற திமிராம்!)

அவர் வருகிற நாளில் ஸ்டேஷனுக்குப் போனேன். சென்னை ரயில் வந்து நின்றது. கூட்டம் இறங்கி ஓய்ந்தும் அவரைக் காணோம். ரயில்பெட்டியில் ஒட்டியிருந்த சார்ட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். அதுவோ என் தலைக்கு மேலே இருந்தது. லென்ஸின் கீழ்ப்பாதி வழியாக அதைப் படிக்க எவ்வளவு அண்ணாந்திருக்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அப்படி வாயைப் பிளந்து நின்றபோதுதான், உள்ளே பெருக்கிக்கொண்டிருந்தவர் குப்பையை வாசல் வழியாக வெளியே தள்ளினார்.

கெட்டி லென்ஸுக்கு அடியில் தூசி போனால் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். கண்ணிலும் மூக்கிலும் தாரை தாரையாகக் கொட்டியது. சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினேன். அடுத்த பெட்டியிலிருந்து மூட்டை முடிச்சுகளோடு கடைசி ஆளாக இறங்கிய என் வீட்டுக்காரர் பார்த்தது அந்தக் கோலத்தைத்தான்.

"ஏங் கண்ணு... இப்படியா அழுவ?"

லென்ஸ் என்று சொல்ல வாயெடுத்தேன், விக்கல்தான் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் முன்னால் என் கையைத் தொட்டறியாத மனுஷன், பிளாட்பாரத்தில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"இனி போகலை கண்ணு. போதும்," என்றார்.

பின்னால் தள்ளுவண்டியோடு நின்ற போர்ட்டர், "ஏனுங்கண்ணா, அக்காவை ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயி அழுவச் சொல்லுங்க. வண்டி போகோணும்," என்றார். அந்தக் களேபரத்தில் வலது கண் லென்ஸ் எங்கே விழுந்ததோ தெரியாது.

அவர் போகவில்லை. கோயமுத்தூரிலேயே, கணபதிப் பக்கம், மோட்டாருக்குக் காயில் சுற்றித் தரும் கடை போட்டார். விசா காலாவதியான பிறகுதான் தைரியம் வந்து தூசிக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"ஒவ்வொருக்காலும் ரயில் ஏறுற வரைக்கும் உன் மூஞ்சியவே பார்த்துட்டிருப்பேன் கண்ணு, போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லமாட்டயான்னு."

அன்றைக்கு லென்ஸ் இல்லாமலே அழுதேன்.

இப்போதும் எனக்கு ஏதாவது வேண்டுமென்று நான் சுற்றிவளைத்துப் பேச ஆரம்பித்தால், என் மகள் கேட்பாள்: "வாயில கேக்கறீங்களாம்மா, இல்ல லென்ஸ் போட்டுட்டு வர்றீங்களா?"