கொழகொழ சாரும் ஒரு விராலும்

விருதுநகர் மாவட்டத்திலேயே மீனைப் பார்த்தால் குழம்பு நினைவுக்கு வராத ஒரே மனிதர் எங்கள் கொழகொழ சார்தான். இரண்டாயிரத்துக்குப் பிறகு மூன்று நான்கு வருஷம், சிவகாசிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் ஆய்வகத்தில் நான் உதவியாளர், அவர் விரிவுரையாளர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

மீன் மேலுள்ள கொழகொழப்புதான் அவருக்கு உயிர். பட்டாசு லோடு ஏற்ற வந்தவர்களை டீக்கடையில் மறித்து, "குளத்துல கிருமி அம்புட்டுக் கெடக்கு, மீனுக்குப் புண்ணு வருதா? இந்தக் கொழகொழப்புதேன் காவல்" என்று வகுப்பெடுப்பார். ஒருமுறை பஸ்ஸில் அவர் வாளியிலிருந்த விரால் துள்ளி, பக்கத்து அம்மாள் மடியில் விழுந்தது. துடைக்க வேண்டாம் என்று கெஞ்சி, சேலையிலிருந்தே வழித்துக் குப்பியில் எடுத்தார். கண்டக்டர் நடுவழியில் இறக்கிவிட்டார்.

அது முனைவர் பட்டத்துக்கான அவருடைய பத்து வருஷ ஆராய்ச்சி. கொழகொழப்பை வடிகட்டி, கிருமி வளர்க்கும் தட்டில் ஒரு சொட்டு விட்டால், மறுநாள் அதைச் சுற்றிக் கிருமியே இல்லாமல் ஒரு வட்டம் தெரிய வேண்டும். அதை நேரில் பார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து வழிகாட்டி வருவதாக இருந்தது. வட்டம் இல்லையென்றால் பட்டமும் இல்லை, கெடு அன்றோடு முடிகிறது.

அவர் வருவதற்கு முதல் நாள் காலை, ஆனைக்குட்டம் அணையிலிருந்து சாருக்கு வழக்கமாக விரால் கொண்டு வரும் மீன்காரக்கா வந்தார். எப்போதும் வாளியில் உயிரோடு நீந்தும் விரால், அன்று தாம்பாளத்தில் வெள்ளைவெளேரென்று கிடந்தது.

"பெரிய மனுசங்க பாக்க வாராகன்னு சாம்பலும் உப்பும் போட்டு உரசிக் கொண்டாந்திருக்கேன் சார். பொட்டுக் கொழகொழப்பு இல்ல."

சார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அணை வற்றிக் கிடந்த சமயம், வேறு விரால் கிடையாது என்றார் அக்கா. திடீரென்று சார் துள்ளி எழுந்தார்.

"அக்கா, செவுள்ல கை வச்சீகளா?"

"அதெப்படி சார்? செவுளு செவப்பாத் தெரிஞ்சாத்தான புது மீனுன்னு நம்புவாக."

செவுள் மூடியைத் தூக்கினால் உள்ளே கொழகொழப்பு அப்படியே இருந்தது! நாள் முழுக்கத் தண்ணீர் புகுந்து போகும் வழி, தோலும் மெல்லிசு, காவல் இங்கேயும் இருந்தே தீர வேண்டும் என்று குதித்தார். பத்து வருஷமாக மேல்தோலையே சுரண்டியவருக்கு இந்த இடம் தோன்றவே இல்லையாம்.

மறுநாள் தட்டில் வட்டம், அதுவரை நாங்கள் பார்த்ததிலேயே பெரிய வட்டம். வழிகாட்டி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சார் தட்டோடு மார்க்கெட்டுக்கு ஓடினார், பின்னாலேயே நானும் ஓடினேன். அக்கா தட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இம்புட்டு நாளும் உங்களக் கிறுக்குன்னுதேன் சார் நெனச்சேன்."

"இப்ப?"

"இப்பவும்தேன். ஆனா எங்க கிறுக்கு."

சார் நடுச்சந்தையில் நின்று அழுதார். எனக்கும் அவர் அப்படித்தான் என்று அன்றைக்காவது நான் சொல்லியிருக்கலாம்.