ஆஷ்போர்டில் மூன்றாவது பாலம்

சகுந்தலா ஒஹையோ ஆற்றின் குறுக்கே மூன்றாவது பாலத்தைக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அம்சவல்லி அந்தச் செய்தியோடு கொட்டகைக்குள் நுழைந்தாள்.

பாலம் கட்டியதெல்லாம் வாயால்தான். ஜமுனாமரத்தூர் மகளிர் குழுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தார்கள். சகுந்தலா அமெரிக்கா போய்வந்த நாளிலிருந்து அங்கே ரேடியோவைத் திருப்ப ஆளில்லை.

"மொத பாலம் காருக்கு. ரெண்டாவது ரயிலுக்கு. மூணாவது சும்மா நடந்து போறதுக்குன்னே கட்டிக்கிறாங்க. தெனம் சாயங்காலம் அதுல நின்னுக்கினு கப்பல் போறத பாப்பேன்."

"யக்கா, உனக்கு அடிச்சிது பாரு யோகம்!" குழுத் தலைவி அம்சவல்லிக்கு மூச்சு வாங்கியது. "காவலூர் டெலஸ்கோப்புல மில்லர்னு ஒரு அமெரிக்கா சார் வந்து தங்கிக்கிறாரில்ல? அவருக்கு எந்த ஊரு தெரியுமா? ஆஷ்போர்டு! உன் பொண்ணு இருக்குற அதே ஊரு! ஞாயித்துக்கெழம நம்ம ஆண்டு விழாவுக்கு அவருதான் சீஃப் கெஸ்ட்டு. அவரு முன்னாடி நீ அந்த ஊர பத்திப் பேசுற!"

சகுந்தலாவின் முறத்திலிருந்த சாமை பாதிக்கு மேல் தரையில் கொட்டியது.

உண்மை என்னவென்றால், சகுந்தலா ஆஷ்போர்டில் இருந்தாளே தவிர ஆஷ்போர்டைப் பார்க்கவில்லை. மகள் சிவசங்கரியின் பிரசவத்துக்குப் போனவள் அவள். மார்கழியில் போய் மாசியில் திரும்பினாள். வெளியே முழங்கால் அளவுக்குப் பனி. உள்ளே குழந்தைக்குக் குளியல், மகளுக்குப் பத்தியக் குழம்பு, மருமகனுக்குத் தோசை. ஜன்னல் வழியே தெரிந்தது நாலு காரும் ஒரு தபால் பெட்டியும்தான். பழமையான ஊர், அழகான ஆறு, அதுவும் மூன்று தெரு தள்ளித்தான் என்றார்கள். "அடுத்த வாரம் கூட்டிப் போறேன் அத்தை" என்று மருமகன் சனிக்கிழமை தவறாமல் சொன்னான். சொல்லிக்கொண்டே இருக்கையில் ஊருக்குத் திரும்பும் நாள் வந்துவிட்டது.

பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் எல்லாரும் கேட்டார்கள், "அமெரிக்கா எப்டி இருந்திச்சி?" அவ்வளவு தூரம் பறந்துபோய்க் குழந்தைத் துணி துவைத்தேன் என்று சொல்ல எந்த மனுஷிக்கு வாய் வரும்? முதலில் ஆற்றை மட்டும்தான் சொன்னாள். ஆறு இருந்தால் கப்பல் வேண்டாமா? கப்பலைப் பார்க்கப் பாலம் வேண்டாமா? இப்படியே வளர்ந்துவிட்டது. இப்போது அவள் பெயரே 'அமெரிக்காக்கா'. பஸ்ஸில் முன் சீட்டை எழுந்து கொடுக்கிறார்கள். அந்த மரியாதை மொத்தமும் ஞாயிற்றுக்கிழமை மேடையில் சந்தி சிரிக்கப் போகிறது.

வீட்டுக்குப் போனதும் மகளுக்குப் போன் போட்டாள்.

"சங்கரி, உங்கூரு ஆத்துல எத்தினி பாலம்?"

"ஒண்ணுதாம்மா. இன்னாத்துக்கு?"

"பின்னாடி சக்கரம் வச்ச கப்பல் ஒண்ணு ஓடுமில்ல? அதுல ரெண்டு தபா போனேன்னு சொல்லிக்கிறேன்."

"அய்யோ, பனிக்காலத்துல அத கட்டிப் போட்டுருவாங்கம்மா!"

மறுநாள் காலை சகுந்தலா கழுத்தில் மப்ளரோடு கொட்டகைக்கு வந்தாள். தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள்.

"குரல் போய்டிச்சா? நீ ஒண்ணும் கவலப்படாத யக்கா" என்றாள் அம்சவல்லி. "நீ சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். மூணு பாலம், சக்கரக் கப்பல், அத்தினியும் நானே பேசிடுறேன். நீ சாரு பக்கத்துல ஒக்காந்து தலய ஆட்டு, போதும்."

"வேணாம், நானே பேசுறேன்!"

போன வேகத்தில் குரல் திரும்பி வந்துவிட்டது. அம்சவல்லி கன்னத்தில் போட்டுக்கொண்டு சாமிக்கு நன்றி சொன்னாள்.

சகுந்தலா மத்தியானம் இன்னொன்று யோசித்தாள். "அம்சா, மறந்தே போய்ட்டேன். ஞாயித்துக்கெழம போளூர்ல எங்க சொந்தத்துல கல்யாணம். நான் இல்லாமயே நடத்திக்குங்க."

"உன் பொண்ணு ஊருக்காரரு வர்ற அன்னிக்கு நீ இல்லாமயா?" அம்சவல்லி அங்கேயே போனை எடுத்தாள். விழா வெள்ளிக்கிழமைக்கு மாறியது. தப்பிக்க வழி தேட இருந்த நாளிலும் இரண்டு போயிற்று. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் உண்டு என்பதால் பிள்ளைகளையும் வரிசையாகக் கூட்டி வந்து உட்கார வைக்க ஏற்பாடானது.

மளிகைக்கடை தாண்டவராயன், அதாவது சகுந்தலாவின் கணவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஒரு பாலத்தோட நிறுத்திக்கலாமில்ல?"

"சிரிக்காதீங்க. மானம் போவப் போவுது."

"சரி சரி, அழுவாத. போன்லதான் ஒலகத்துல இருக்குற தெருவெல்லாம் தெரியுதே. அதுல போய் நடந்து பாரு."

தண்ணீர்த் தொட்டி மேட்டில்தான் சிக்னல் நன்றாக எடுக்கும். சகுந்தலா சமையலை முடித்த கையோடு போனை எடுத்துக்கொண்டு மேடேறினாள். விரலால் தள்ளத் தள்ள ஆஷ்போர்டு நகர்ந்தது. செங்கல் பாவிய தெருக்கள். இருநூறு வருஷத்து வீடுகள், ஒவ்வொன்றின் வாசலிலும் கட்டியவர் பெயர் பொறித்த பலகை. கோர்ட்டுக் கட்டடத்து மணிக்கூண்டு. முனையில் பச்சைப் பெயிண்ட் அடித்த பழைய தியேட்டர். ஆற்றங்கரைக் கடைச் சுவரில் எந்த வருஷ வெள்ளம் எதுவரை ஏறியது என்று கோடு போட்டு வைத்திருந்தார்கள். ஒரு கோடு மாடி ஜன்னலைத் தொட்டது. "அடி ஆத்தே!" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

மகள் வீட்டு ஜன்னலும் கிடைத்தது. அங்கிருந்து மூன்று தெரு தள்ளினாள். அகலமான, அமைதியான ஆறு. இவ்வளவு பக்கத்திலா இருந்தாய் என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு சந்தோஷமும் வந்தது, நிறையவே வந்தது. பொழுது சாய்வதைக்கூட மறந்து பாலத்தின் மேல் ஒருமுறை போய் ஒருமுறை வந்தாள்.

வெள்ளிக்கிழமை மில்லர் சார் வந்தார். நெட்டையான ஆள், கறுப்புக் கண்ணாடி. கூடவே ஜீப் டிரைவர் புருஷோத்தமன். தமிழில் சொல்வதை அவருக்கு விளக்குவதும் அவன்தான்.

சகுந்தலா மைக்கைப் பிடித்தாள். வணக்கத்தையே இரண்டு தடவை சொன்னாள். ஆனால் பேச்சில் செங்கல் தெருவில் கால் வைத்ததும் தடுமாற்றம் போய்விட்டது. மணிக்கூண்டைச் சொன்னாள், வெள்ளக் கோடுகளைச் சொன்னாள், பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

"பச்ச கலர் தேட்டர் ஒண்ணு. தெனம் அத தாண்டித்தான் ஆத்துக்குப் போவேன். பனில கப்பல கட்டிப் போட்டுட்டாங்க, நின்ன கப்பல்லதான் ஏறிப் பாத்தேன்."

"மூணு பாலம் யக்கா!" என்று கீழேயிருந்து அம்சவல்லி எடுத்துக் கொடுத்தாள்.

"பாலம் ஒண்ணுதான்" என்றாள் சகுந்தலா, துளியும் அசராமல். "காலைல ஒரு மாதிரி, சாயங்காலம் ஒரு மாதிரி, பனில ஒரு மாதிரி இருக்கும். பாக்குறவங்களுக்கு மூணு பாலம்தான் அது!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. மில்லர் சார் மட்டும் தட்டவில்லை. அவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, புருஷோத்தமன் காதில் எதையோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சகுந்தலா மேடையை விட்டு இறங்கி ஓடிவிடலாமா என்று பார்த்தாள். படியில் அம்சவல்லி மாலையோடு நின்றிருந்தாள்.

புருஷோத்தமன் எழுந்து வந்து, மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அவள் காதருகே குனிந்தான்.

"அம்மா, நீங்க சொன்ன பச்ச தேட்டர இடிச்சி ஆறு வருசம் ஆச்சாம், பழைய படத்துலதான் இருக்குமாம், அத சாரு யார்கிட்டயும் சொல்ல மாட்டாராம், அவரும் ராவெல்லாம் நட்சத்திரம் பாத்துட்டுப் பகலெல்லாம் தூங்கிக்கினு, ஜவ்வாது மலைய மூல முடுக்கெல்லாம் சுத்திட்டேன்னு வூட்டுக்கு அளந்து வுட்டுக்கிறாரு, அடுத்த வாரம் அவரு சம்சாரம் வர்றாங்களாம், அதான் அவரும் மலைய அப்டியே பாத்துக்க, நீங்க போன்ல எதுல பாத்துப் படிச்சீங்கன்னு கேக்குறாரு!"