மாமா உட்கார்ந்து வந்த லாரி

படகுக்காரன் வீட்டில் பிறந்தவன் கையில் எந்த வண்டியைக் கொடுத்தாலும், அதையும் படகாக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். இதற்கு என் மாமா சாட்சி. நின்றுகொண்டே சாட்சி சொன்னவர்.

வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ராணுவம் கழித்துவிட்ட பழைய லாரி ஒன்றை எங்கள் வாப்பா ஏலத்தில் எடுத்துப் பெரியபட்டினத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். தோணி ஓட்டுகிறவருக்கு லாரி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்காது. கோழிகள் அதில் முட்டையிட ஆரம்பித்த சமயத்தில் மாமா புதுத் தோணி கட்ட முடிவு செய்தார். மாமா என்றால் உம்மாவின் அண்ணன். அவர் மகளை எனக்குக் கொடுப்பதாகப் பேச்சு இருந்தது. (பேச்சு எங்கள் பக்கம்தான். அவர் பக்கம் இன்னும் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்கள்.)

தோணியின் அடிமரத்துக்காக உத்தரகோசமங்கைப் பக்கம் ஊரணிச் சரிவில் ஓர் இலுப்பையை வெட்டிப் போட்டிருந்தார்கள். மாட்டுவண்டியில் ஏற்ற முடியாத நீளம், கனம். வியாழக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் அடிமரம் வைத்துப் பாத்திஹா ஓதுவதாக ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. மரத்தை யார் கொண்டுவருவது என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. நான் வாயைத் திறந்தேன்.

"நம்ம லாரி சும்மாதானே நிக்கிது மாமா. நான் கொண்டாரேன்."

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். பார்க்க அதிகம் ஒன்றுமில்லை, அப்போது நான் கொடிக்கம்பம் மாதிரி இருப்பேன். "அஸருக்கு முன்னாடி கட்டை கரைக்கு வந்துறட்டும். பொறவு உக்காந்து நிக்காஹ் பேசுவோம்" என்றார். (உக்காந்து என்று சொன்னதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.)

லாரியைக் கட்டை ஏற்றுவதற்கு ஏற்றபடி மாற்ற சேகு ஓடாவியைப் பிடித்தேன். படகு கட்டும் தச்சரை நாங்கள் ஓடாவி என்போம். மிதக்காத எதிலும் அவர் அதுவரை உளி வைத்ததில்லை. சிப்பாய்கள் உட்காரும் பெஞ்சுகளையும் மேல்கூரையையும் கழற்றினார். கட்டை உருளாமலிருக்க இருபுறமும் கருவேல முளைகளை நட்டார். இரும்புச் சங்கிலி கிடைக்காததால் நங்கூரக் கயிற்றைச் சுருட்டி வைத்தார். லாரி நீளம் போதவில்லை என்று இரண்டு உத்தரங்களைக் கொடுத்துப் பின்பக்கம் நீட்டினார். கடைசியாக, பலகை இடுக்குகளில் பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைத்தார்.

"இதுல தண்ணி எங்க வரப்போகுது காக்கா?" என்றேன். (எங்களுக்கு அண்ணன் என்றால் காக்கா.)

"இடுக்கு தெரிஞ்சா எனக்கு ஒறக்கம் வராது தம்பி."

தோணியில் பாரம் பின்பக்கம் கொஞ்சம் அழுந்தியிருக்க வேண்டும். அப்போதுதான் அணியம், அதாவது முன்பக்கம், தூக்கி நின்று அலை ஏறும். பின்னால் இருக்கும் சுக்கானும் தண்ணீரை நன்றாகப் பிடிக்கும். எங்கள் ஊரில் நண்டுசிண்டுக்கும் தெரிந்த விஷயம். லாரிக்குச் சுக்கான் முன் சக்கரத்தில் இருப்பது எங்கள் இருவர் கண்ணிலும் பட்டுக்கொண்டுதான் இருந்தது. புத்தியில் படவில்லை.

டிரைவர் முத்துக்கருப்பன் பர்மாச் சண்டையில் லாரி ஓட்டியவர். (ரொட்டி ஏற்றி ஓட்டினார் என்பதைப் பிற்பாடுதான் சொன்னார்.) வியாழன் காலை உள்ளூர் ஆட்கள் கயிறு கட்டி உருட்டி, கட்டையின் பருத்த அடிப்பக்கம் பின்னால் வரும்படி ஏற்றிவிட்டு வயலுக்குப் போய்விட்டார்கள். ஓடாவி தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "அணியம் அம்சமா தூக்கி நிக்கிது" என்றார்.

உண்மையாகவே தூக்கி நின்றது. ஊரணியிலிருந்து கரைமேட்டில் ஏறும்போது லாரியின் முன் சக்கரங்கள் அவசரமே இல்லாமல் தரையை விட்டுக் கிளம்பின. கட்டையின் வால் மண்ணில் குத்தியது. முத்துக்கருப்பன் வானத்தைப் பார்த்தபடி ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார்.

"தம்பி, வண்டி சொன்ன பேச்சுக் கேக்க மாட்டேங்குது."

"எறங்கிருங்கண்ணே."

"எங்கன எறங்க? தரையவே காணோம்."

வேலையை மேற்பார்வை பார்க்க மாமா மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தது அப்போதுதான். லாரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மருமவனே, இது எங்க போகுது?"

"நம்ம கரைக்குத்தான் மாமா."

"நிக்கிற நெலயப் பாத்தா அப்படித் தெரியலயே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆட்களைத் திரட்டி, கட்டையை இறக்கி மறுபடி ஏற்றுவதற்குள் அஸர் போய்விடும். அதோடு நிக்காஹும் போய்விடும். அவர் மகளை நான் நிஜமாகவே விரும்பினேன் என்பதை அந்த மேட்டில் நின்றுதான் கண்டுபிடித்தேன்.

மாமா பழைய தண்டையல், அதாவது தோணிக்குத் தலைவர். தோணி சாய்ந்தால் ஆளை எதிர்ப்பக்கம் உட்காரவைத்துக் கரை சேர்த்தவர். "முன்னால ஆள ஏத்து" என்றார். நான் பானட்டில் ஏறினேன். லாரி கவனிக்கவே இல்லை. ஓடாவியும் ஏறினார். ஒரு முனகல் கேட்டது, அவ்வளவுதான். மாமா பெருமூச்சு விட்டு, கைலியை இறுக்கிக் கட்டி, மாட்டுவண்டி மேல் நின்று பானட்டில் தாவினார். கனத்த சரீரம். லாரியின் மூக்கு மரியாதையாகத் தரைக்கு வந்தது. நாங்கள் இருவரும் இறங்கிப் பார்த்தோம், அசையவில்லை. மாமா இறங்கக் காலை நீட்டினார். மூக்கு எழும்பியது. காலை மடக்கிக்கொண்டார்.

அப்படியே புறப்பட்டோம். முத்துக்கருப்பனுக்குத் தெரிந்த சாலையெல்லாம் மாமாவின் முதுகுதான். மாமா குடையை வலப்பக்கம் நீட்டினால் வலம், இடப்பக்கம் நீட்டினால் இடம். வழியில் சலாம் சொன்னவர்களுக்கெல்லாம் குறையில்லாமல் பதில் சலாம் சொன்னார். கீழே எஞ்சின் கஞ்சிப்பானை போலக் கொதித்தது. மாமா உதட்டை அசைத்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பயணம் நல்லபடி முடிய துஆ ஓதுகிறார் என்று நினைத்தேன். (அதுவாகவும் இருக்கலாம்.)

கரையில் ஊரே கூடியிருந்தது. "எறங்குங்க மாமா" என்று கை கொடுத்தேன்.

"கட்டைய மொதல்ல எறக்கு" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

ஆமாம், அவர் இறங்கினால் லாரி மறுபடி வானம் பார்க்கும். கட்டை இறங்கி முடியும்வரை, அழைத்திருந்த அத்தனை பேர் முன்னிலையிலும், ஆறாத எஞ்சின் மேல் மாமா உட்கார்ந்திருந்தார். கட்டை மண்ணைத் தொட்டதும் அவர் குதித்த குதியை அந்த வயதில் வேறு யாரும் குதித்து நான் பார்த்ததில்லை. அஸர் பாங்கு அதற்குப் பிறகுதான் கேட்டது.

பாத்திஹாவுக்கு எல்லோரும் பாயில் உட்கார்ந்தார்கள். மாமா நின்றார். "உக்காருங்களேன்" என்றார் ஓத வந்திருந்த பள்ளிவாசல் ஹஸ்ரத். "இருக்கட்டும் ஹஸ்ரத்" என்றார் மாமா. வார்த்தை தவறாத மனுஷன். அன்றைக்கே நிக்காஹ் பேச்சையும் எடுத்தார், நின்றுகொண்டே. எங்கள் ஊரில் நாள்கணக்கில் இழுக்கும் பேச்சு வெற்றிலை மடிப்பதற்குள் முடிவாகிவிட்டது.

இப்போது நானே மாமனார். மருமகன்களின் வண்டி வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம் என் மனைவி உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பாள்: "மாப்பிள வந்துட்டாரு, மாமாவுக்குத் தலகாணி எடுத்துப் போடுங்க."

புது மருமகன்கள் அதை எங்கள் வீட்டு மரியாதை என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் விளக்கம் சொல்வதில்லை. தலையணையை வாங்கிப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.