குலுங்குவதற்கு அனுமதி

நாட்டில் எது குலுங்கலாம், எது குலுங்கக் கூடாது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அரசாங்கத்துக்குத்தான் உண்டு. இதில் எங்களுக்கு எந்தக் காலத்திலும் மாற்றுக் கருத்து இருந்ததில்லை. இப்படி ஒரு விஷயம் இருப்பதே எங்களுக்குத் தெரியாமல் இருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

கெய்ரோவுக்கு வெளியே, பத்தாம் ரமலான் நகரத்துத் தொழிற்பேட்டையில் ஹாஜி தஸூகியின் பவுடர் கோட்டிங் பட்டறை இருக்கிறது. அலுமினியக் கதவுகள்மேல் நிறப் பவுடரைத் தூவி, ஓவனில் உருக்கி ஒட்டவைப்பது எங்கள் தொழில். நான் ஸ்ப்ரே கன் பிடிப்பவன். கன்னுக்குப் பவுடர் எப்படி வருகிறது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பவுடர் பெட்டியை ஒரு சாய்ந்த மேசைமேல் வைத்திருப்போம். மேசைக்கு அடியில் ஒரு சின்ன வைப்ரேட்டர் மோட்டார். அது விடாமல் குலுக்க, பவுடர் தண்ணீர் மாதிரி மூலைக்கு ஓடிவரும். குழாய் அதை அளவாக உறிஞ்சி என் கைக்கு அனுப்பும். குலுக்கல் நின்றால் பவுடர் மாமியார் வீட்டு மருமகன்போல உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். கன் இருமும்; ஒரு தடவை கைப்பிடி அளவு துப்பும், அடுத்த தடவை வெறும் காற்று.

அந்த வருடம் எங்களுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. தொழிற்பேட்டையின் மறு ஓரத்தில் 'நில அதிர்வு மற்றும் ஏனைய அதிர்வுகள் கண்காணிப்புத் துறை' புதுக் கட்டடம் கட்டியிருந்தது. அதன் கதவுகள் அத்தனைக்கும் சாம்பல் நிறம் ஏற்றித் தர வேண்டும். ஹாஜி பட்டறை வாசலில் ஒரு கிடாயை அறுத்துக் கறியை எங்களுக்குப் பங்கு போட்டார்.

கறி செரிப்பதற்குள் அதே துறையிலிருந்து உஸ்தாத் வகீஹ் என்ற அதிகாரி வந்து நின்றார். கழுத்தில் டை, கண்ணாடி, பின்னால் ஒரு கருவியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர்.

"இந்த வட்டாரத்துல ஒரு பூகம்பம் இருக்கு ஹாஜி," என்றார், யாரோ செத்ததைச் சொல்வதுபோல.

"யா ஸாத்திர், அல்லாஹ் காப்பாத்தணும்! எப்போ வந்துச்சு?"

"தினமும் வருது. காலைல பட்டறை திறக்கிற நேரத்துக்குத் தொடங்குது. மதியம் லுஹர் தொழுகைக்கு நிக்குது. சாப்பிட்டுட்டுத் திரும்பவும் தொடங்குது. வெள்ளிக்கிழமை விடுமுறை."

"மார்க்கப் பற்றுள்ள பூகம்பம்," என்றேன் நான்.

உஸ்தாத் வகீஹ் என்னைப் பார்த்த பார்வையில் பவுடர் ஓவனில் வைக்காமலே உருகியிருக்கும். "எங்க இயக்குநர் இந்தப் பூகம்பத்தைப் பத்தி வெளிநாட்டுல போய் உரை நிகழ்த்தியிருக்கார். நீ சிரிக்காதே."

கருவியை வைப்ரேட்டர் மேசைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். முள் துள்ளியது. உஸ்தாத் வகீஹின் முகத்தில் ஒரு விஞ்ஞானியின் துயரம் படர்ந்தது.

"ஹாஜி, இந்த மேசை குலுங்க அனுமதி வாங்கியிருக்கீங்களா?"

"குலுங்க அனுமதியா? அப்போ பூமி குலுங்குதே, அது யார்கிட்ட வாங்குச்சு?"

"பூமி அரசாங்கச் சொத்து. அரசாங்கச் சொத்து குலுங்கலாம். உங்க மேசை தனியார்."

 அனுமதி எப்படிப் பெறுவது என்று ஹாஜி பணிவாகக் கேட்டார். மேசையை ஓட்டிப் பார்த்துச் சோதனை அறிக்கை இணைக்க வேண்டும். ஆனால் அனுமதி வருமுன் மேசை ஓடவே கூடாது என்று உஸ்தாத் வகீஹ் விளக்கினார். ஓடாமல் எப்படிச் சோதிப்பது என்று ஹாஜி கேட்டதற்கு, அது விண்ணப்பதாரரின் பொறுப்பு என்றார்.

"உங்க கதவுதானே ஐயா நாங்க அடிக்கிறது! திறப்பு விழா வருதே!"

"கதவு தாமதமானா பட்டறையைக் கறுப்புப் பட்டியல்ல போட்டுருவாங்க," என்றார் உஸ்தாத் வகீஹ் அனுதாபத்தோடு. "அது வேற பிரிவு. நல்ல மனுஷங்கதான், ஆனா ரொம்பக் கண்டிப்பு."

மோட்டாருக்கு முத்திரை வைத்தாயிற்று. போகிற சமயத்தில் ஹாஜி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "கையால ஆட்டிக்கலாமா?"

உஸ்தாத் வகீஹ் விதிமுறைக் கையேட்டைப் புரட்டிப் பார்த்தார். "இயந்திரம் ஆட்டினா அதிர்வு. மனுஷன் ஆட்டினா உழைப்பு. உழைப்பு எங்க துறையில வராது."

இப்படித்தான் நாங்கள் உழைக்கத் தொடங்கினோம். தேநீர் போடும் பயூமி பெட்டியைப் பிடித்து ஆட்டினான். முதல் கதவு பாதியிலேயே அவன் தோள் கழன்றது. வெல்டிங்காரன் வெறி வந்தவன்போல ஆட்டினான். பெட்டி கவிழ்ந்து அவனே சாம்பல் நிறமானான். கதவுகள் ஓவனிலிருந்து அம்மை போட்ட முகத்தோடு வெளியே வந்தன. வீட்டுக்குப் போகிற வழியில், பட்டறை மூடினால் வேறு எங்கே போவது என்று ஒவ்வொருவரும் மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.

ஹாஜியின் மைத்துனர் வீட்டுக் கல்யாணத்தில்தான் வழி பிறந்தது. அங்கே ஹந்தூசா என்றொரு தபலாக்காரன் வாசித்தான். தொடையில் வைத்து வாசிக்கும் எங்கள் ஊர்த் தபலா. சும்மா சொல்லக் கூடாது, அவன் தட்டத் தட்ட மேசைமேல் இருந்த கோப்பையெல்லாம் ஓரத்துக்கு நகர்ந்து போயின. ஹாஜி மணமக்களைப் பார்க்கவில்லை. கோப்பைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஹந்தூசா பட்டறைக்கு வந்தான். தலைக்கு எண்ணெய், விரலுக்கு மோதிரம், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. பவுடர் பெட்டியைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தான்.

"கலைஞனைக் கூப்பிட்டு அட்டைப் பெட்டியைத் தட்டச் சொல்றீங்களே ஹாஜி. அலெக்சாந்திரியாவுல என்னைத் தூக்கிட்டுப் போனாங்க தெரியுமா?"

"அடி வாங்கின பிறகா?" என்றான் பயூமி.

"பாராட்டிடா, கழுதை!"

ஹந்தூசா உட்கார்ந்தான். பெட்டியைத் தொடைக்கு இடையில் வைத்து 'தும் தக்க தும்' என்று ஆரம்பித்தான். பவுடர் சிலிர்த்து எழுந்து ஓடி வந்தது. கன் இருமல் நின்று பாட ஆரம்பித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே ஒரு குறை. அவன் கை மெதுவாக வரும்போது பவுடர் மெலிதாக வந்தது. உச்சத்துக்குப் போகும்போது வழிந்தது. கதவு வெந்து வந்ததும் பார்த்தால் மேலிருந்து கீழ்வரை பட்டை பட்டையாக, வரிக்குதிரையின் தூரத்து உறவுபோல இருந்தது.

ஹாஜி தலையில் கை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். "ஒரே மாதிரி தட்டக் கூடாதா மகனே?"

"ஒரே மாதிரி தட்ட நான் என்ன மோட்டாரா?" என்று ஹந்தூசா மோதிரத்தைத் துடைத்தான்.

அந்த நேரம் பார்த்து மேடம் ஜெர்மீன் வந்தாள். புது கெய்ரோவின் பெரிய வீடுகளுக்கெல்லாம் உள் அலங்காரம் செய்கிறவள். சுவரே இல்லாத வீடு வேண்டுமென்று ஒரு பணக்காரனை நம்பவைத்து, பிறகு சுவர் வைத்துத் தருவதற்குத் தனியாக வாங்கியவள். குப்பைக்குப் போக வெளியே சாத்தி வைத்திருந்த பட்டைக் கதவைப் பார்த்ததும் காரிலிருந்து பாதி இறங்கியபடியே நின்றுவிட்டாள்.

"ஹாஜி! இது எந்த இத்தாலிக்காரன் செஞ்சது?"

"அது… அது பிழைம்மா," என்றார் ஹாஜி, வெட்கத்தோடு.

"பிழை!" அவள் அந்தச் சொல்லை நாக்கில் வைத்துச் சுவைத்தாள். "என்ன தைரியமான பேரு! இன்னும் எத்தனை பிழை இருக்கு?"

"எல்லாமே பிழைதாம்மா."

"அத்தனையும் எனக்குத்தான். வேற யாருக்கும் காட்டாதீங்க. இதைவிடக் கொஞ்சம் பெரிய பிழையா செய்ய முடியுமா?"

ஹாஜி எங்களைத் திரும்பிப் பார்த்தார். "முயற்சி பண்றோம்மா," என்றார்.

அவ்வளவுதான். ஒரு மாதத்தில் கெய்ரோவில் பிழை இல்லாத கதவு வைத்திருப்பவன் வெளியே சொல்லக் கூச்சப்பட்டான். விருந்துக்குப் போனவர்கள் கூடத்துக்கு வராமல் கதவைத் தடவிக்கொண்டு வாசலிலேயே நின்றார்கள். என் மனைவி இன்ஸாஃப் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் ஓசையோடு வைத்தாள். "ஊருக்கெல்லாம் பிழை செஞ்சு தர்றீங்க. நம்ம வீட்டுல ஒண்ணு உண்டா?" நான் அவளைக் கல்யாணம் செய்துகொண்டதைச் சுட்டிக்காட்ட நினைத்து, முலூகியாக் கீரைக் குழம்பு ஆறுகிறதே என்று வாயை மூடிக்கொண்டேன்.

புகழ் பரவிய இடத்துக்கு அதிகாரியும் வருவார். இந்த முறை வந்தவர் 'தாளக் கலை மேற்பார்வை வாரியம்' என்று அட்டையைக் காட்டினார். குண்டான மனிதர், பெயரைச் சொல்லாமல் பதவியை மட்டும் சொன்னார்.

"இங்க கலை நிகழ்ச்சி நடக்குதுன்னு புகார்."

"கலை இல்லீங்க, கோட்டிங்," என்றார் ஹாஜி.

"தபலாக்காரர் வாசிக்கிறார். இத்தனை பேர் கேக்குறாங்க. பார்வையாளர்கள்தானே?"

"நாங்க வேலை பாத்துட்டிருக்கோம் ஐயா," என்றேன்.

"அதுதான் இரண்டாவது குற்றம். வாசிக்கும்போது பார்வையாளர் வேற வேலை பார்க்கிறது கலைக்கு அவமரியாதை."

நெடிய பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஒரு சமரசம் ஏற்பட்டது. ஒவ்வொரு கதவு முடிந்ததும் நாங்கள் எல்லோரும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று கை தட்ட வேண்டும். பெரிய கதவென்றால், கச்சேரியில் சொக்கிப்போனவர்கள்போல 'அல்லாஹ், அல்லாஹ்' என்று உருகவும் வேண்டும். ஹந்தூசா நெஞ்சில் கை வைத்துக் குனிவான். பிறகு அடுத்த கதவு.

இதற்கிடையில் கண்காணிப்புத் துறையின் திறப்பு விழா நெருங்கியது. பட்டைக் கதவுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனோம். உஸ்தாத் வகீஹ் கதவைப் பார்த்ததும் சிவந்தார்.

"சாம்பல் கேட்டா சவுக்கடி வாங்கின கழுதையைக் கொண்டு வந்திருக்கீங்க! கறுப்புப் பட்டியல்! இன்னைக்கே!"

"துணை அமைச்சர் வீட்டுலயும் இதே கதவுதானாம் ஐயா," என்றான் பயூமி, லாரிமேல் இருந்தபடி.

உஸ்தாத் வகீஹ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். கதவு இப்போது அவருக்கு வேறு மாதிரி தெரிந்திருக்க வேண்டும். "அவர் கதவுல எத்தனை பட்டை?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

விழா ஒரு வாரம் தள்ளிப்போனது. கதவுகள் திரும்பி வந்தன, பதவிவாரியாகப் பிழை செய்வதற்காக. இயக்குநருக்குத் துணை அமைச்சரைவிட ஒரு பட்டை குறைவு. அவருக்குக் கீழே படிப்படியாக மெலிய வேண்டும். எழுத்தர்களுக்கு மங்கலாக ஒன்று. கழிப்பறைக்கு மட்டும் எந்தப் பிழையும் இல்லாமல் வழவழப்பான கதவு. அந்த ஒரு கதவுக்காக நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

விழாவில் இயக்குநருக்குப் பதக்கம் கொடுத்தார்கள். எங்கள் மோட்டார் முத்திரையிடப்பட்ட நாளிலிருந்து அந்த வட்டாரத்துப் பூகம்பம் அடியோடு நின்றுபோயிருந்தது. பூகம்பத்தை நிர்வாக நடவடிக்கையால் நிறுத்திய முதல் மனிதர் அவர்தான் என்று பேசியவர்கள் சொன்னார்கள். நாங்களும் கை தட்டினோம். பழகிவிட்டதே.

அதற்குப் பிறகு ஆணை வந்தது. பவுடர் கோட்டிங் பட்டறைகள் யாவும் இனி கையால்தான் பெட்டியைக் குலுக்க வேண்டும். குலுக்குபவர் துறையும் வாரியமும் சேர்ந்து நடத்தும் தேர்வில் வென்றவராக இருக்க வேண்டும். குலுக்கல் பயிற்சிப் பள்ளி ஒன்றை உஸ்தாத் வகீஹின் மச்சினர் திறந்தார். இடம் மட்டும் எங்கள் பட்டறைக் கூடம். தேர்வுக் குழுவில் மூன்று பேர்: தலைவராக உஸ்தாத் வகீஹ், வாரியத்துக் குண்டு மனிதர், தொழில் பிரதிநிதியாக எங்கள் ஹாஜி.

முதல் நாள் முதல் ஆளாக ஹந்தூசா வந்தான். தேர்வென்றால் மாலை போடுவார்கள் என்று நினைத்துப் புதுச் சட்டை போட்டிருந்தான். "எனக்கா தேர்வு? நான்தானே இதுக்குத் தகப்பன்," என்று சொல்லிக்கொண்டே பெட்டியைத் திறந்து வைத்து வாசித்தான். அன்றைக்கு அவனுக்கு என்ன வந்ததோ, கை பேயாகச் சுழன்றது. பவுடர் மூலையோடு நிற்காமல் எழுந்து, கூடம் முழுக்க மேகமாக நின்று, பிறகு மெல்ல இறங்கியது. எனக்கு மட்டும் கை தட்டத் தோன்றியது. குழு மூன்று சாம்பல் சிலைகளாக உட்கார்ந்திருந்தது.

உஸ்தாத் வகீஹ் தன் தோளை விரலால் தடவிப் பார்த்தார். குண்டு மனிதரின் தோளையும் தடவிப் பார்த்தார். ஹாஜியின் தோளையும்.

"மூணு பேர் மேலயும் ஒரே கனம்," என்றார். "தலைவர்னு இல்ல, உறுப்பினர்னு இல்ல. இவருக்குப் பதவி வித்தியாசமே தெரியல. தேறலை."

"என்னது?" என்றான் ஹந்தூசா. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். நாங்கள் அவன் கண்ணைப் பார்த்தது அன்றுதான். சின்னக் கண்கள். "ஹாஜி… நீங்க சொல்லுங்க ஹாஜி."

ஹாஜி எங்களைப் பார்த்தார். நாங்கள் பயூமியைப் பார்த்தோம். பயூமி தேநீர்த் தட்டைப் பார்த்தான். 'தேறவில்லை' என்ற தாளில் ஹாஜி கையெழுத்துப் போடாவிட்டால் பட்டறை மூடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.  அத்தனை கதவுக்கும் எழுந்து நின்று உருகிய நாங்கள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஹாஜி பேனாவை வாங்கினார். கிழவரின் கை நடுங்கியது, காகிதமே படபடக்கும் அளவுக்கு.

உஸ்தாத் வகீஹ் குனிந்து அந்தக் கையை உற்றுப் பார்த்தார்.

"ஹாஜி," என்றார் மென்மையாக, "இந்த நடுக்கத்துக்கு அனுமதி வாங்கியிருக்கீங்களா?"

நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் வயிறு குலுங்கும்.