நார் மகுடத்தின் மகிமை

மனித குலம் கண்டுபிடித்தவற்றுள் மகத்தானது எது என்று கேட்டால், விவரம் அறியாதவர்கள் நெருப்பு என்பார்கள், சக்கரம் என்பார்கள். கடல் கடந்து வந்து வாழும் என்னைப் போன்ற பண்பட்டவர்களுக்குத் தெரியும், அது கண்ணாடிப் பெட்டி. வெளியே கிடக்கும்வரை உடைந்த கரண்டி உடைந்த கரண்டிதான். அதையே பெட்டிக்குள் வைத்து, மேலே ஒரு சின்ன விளக்கையும் போட்டுவிட்டால், அது நாகரிகம்.

இந்த ஞானம் எனக்கு எடுத்த எடுப்பில் வந்துவிடவில்லை. வெளிநாட்டுக்கு வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். என்னைக் கரையேற்றியவர் என் மேலாளர். அவர் 'அருங்காட்சியக நண்பர்கள் வட்ட'த்தின் தலைவர்.

"ஞாயித்துக்கிழமை என்ன பண்ணீங்க?" என்று ஒருநாள் கேட்டார்.

"துணி துவைச்சேன்."

அவர் முகத்தில் அப்போது படர்ந்த துக்கத்தை நான் இரங்கல் கூட்டங்களில்தான் பார்த்திருக்கிறேன். (அவர் பேசியது அவர் மொழியில். அதில் 'நீ'யும் 'நீங்க'வும் ஒன்றுதான். என் கௌரவத்தை முன்னிட்டு நானே 'நீங்க' போட்டுக்கொள்கிறேன்.)

அன்றுமுதல் ஞாயிறுதோறும் அருங்காட்சியகம். முதலில் கலைக்கூடத்தில் பயிற்சி எடுத்தேன். ஓவியத்தின் முன்னால் நிற்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. கைகளைப் பின்னால் கட்ட வேண்டும். தலையை ஒருபக்கம் சாய்க்க வேண்டும். பிறகு, "ம்ம்" என்று சொல்ல வேண்டும். அந்த "ம்ம்", 'ஆகா' என்றும் 'அப்படியா' என்றும் 'கால் வலிக்கிறது' என்றும் ஒரே சமயத்தில் பொருள்பட வேண்டும். நான் சீக்கிரமே கைதேர்ந்துவிட்டேன். முழுக்க முழுக்க நீலமாக இருந்த ஒரு படத்தின் முன்னால் நான் போட்ட "ம்ம்"மைக் கேட்டு, பக்கத்தில் நின்ற தம்பதியர் தங்களுக்கு விளங்காதது எனக்கு விளங்கிவிட்டதே என்று கூசி நகர்ந்துபோனார்கள்.

என் மனைவிக்கு இந்தப் பக்குவம் வாய்க்கவில்லை. அவள் பல் மருத்துவர். எதைப் பார்த்தாலும் அடியில் சொத்தை இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது அவளுடைய தொழில் தோஷம். ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்பவள், தன் வாயை மூடச் சொன்னால் மட்டும் கேட்க மாட்டாள். அந்த நீலப் படத்தைப் பார்த்து, "வரையறவர் வரதுக்குள்ள மாட்டிட்டாங்க போல" என்றாள்.

கலைக்கூடத்தில் சேதம் அத்தோடு போயிற்று. வரலாற்று அருங்காட்சியகத்தில்தான் வினை காத்திருந்தது.

அங்கே நம் பக்கத்துப் பொருள்களுக்கென்றே தனி அறை உண்டு. அறையின் நடுநாயகமாக, வெல்வெட் மெத்தைமேல், நாரை வளையமாகச் சுற்றிப் பின்னிய பொருள் ஒன்று வீற்றிருந்தது. கீழே பலகை: 'மாமன்னரின் நார் மகுடம். முடிசூட்டு விழாவில் அணியப்பட்டது. அடிப்பகுதியில் காணப்படும் கரி, வேள்விப் புகை படிந்ததாகலாம்.'

நான் கைகளைப் பின்னால் கட்டினேன். தலையைச் சாய்த்தேன். "ம்ம்" தொண்டைவரை வந்துவிட்டது.

"என்னங்க, இது பிரிமணை" என்றாள் மனைவி.

"மெல்லப் பேசு."

"மெல்லப் பேசினாலும் பிரிமணைதான். பானை உருளாம இருக்க அடியில வைப்பாங்களே, அது. பாருங்க, கரி வட்டமா அப்பியிருக்கு."

"அது வேள்விக் கரி."

"ஏன், ராஜா தலையில அடுப்பு மூட்டினாங்களா?"

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். காப்பாட்சியர். அந்த அம்மையாரின் பதவிப் பெயரிலேயே காப்பும் இருக்கிறது, ஆட்சியும் இருக்கிறது. என்ன விஷயம் என்று அவர் கேட்க, மனைவி அவர் மொழியிலேயே சொல்லிவிட்டாள். கோபிப்பார் என்று நினைத்தேன். அவரோ பூரித்துப்போனார். "நீங்க 'சமூகத்தின் குரல்'. அதைக் கேக்கறதுதான் எங்க கொள்கை. கேக்கறதுக்குன்னே ஒரு அறை வெச்சிருக்கோம்" என்றார்.

அடுத்த வாரம் அந்த அறையில் எங்களை உட்காரவைத்துக் கேட்டார்கள். காப்பாட்சியரும் என் மேலாளரும் ஒருபக்கம். நானும் மனைவியும் மறுபக்கம். நான் எந்தப் பக்கம் என்பது எனக்கே அவ்வளவு தெளிவாக இல்லை. நாற்காலியை நடுவாக்கில் நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.

"இந்த மகுடத்த வெச்சு ரெண்டு பேர் முனைவர் பட்டம் வாங்கியிருக்காங்க" என்றார் காப்பாட்சியர். "மன்னர் இதை இடப்பக்கம் சாய்ச்சுப் போட்டார்னு ஒருத்தர். இல்ல, வலப்பக்கம்னு இன்னொருத்தர். இப்ப நீங்க பானைன்னு சொன்னா, அந்தப் பட்டங்கள என்ன பண்றது?"

"அதையும் பானைக்கு அடியில வைக்கலாம்" என்றாள் மனைவி.

நான் அவசரமாக "ம்ம்" என்றேன்.

"எங்க மொழியில மகுடத்துல முதல் எழுத்த எடுத்தா மிச்சம் குடம்தான்" என்று அவள் மேலும் போனாள். "அவ்வளவுதான் விஷயம்."

காப்பாட்சியரின் கண்கள் ஒளிர்ந்தன. "ஆக, மகுடம்ங்கறதுக்கு மொழியியல் சான்றும் கெடைச்சாச்சு."

என் மேலாளர் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நம்ம ஆபீஸ்ல துணை மேலாளர் நாற்காலி காலியா இருக்கு. பண்பாட்டு நுண்ணுணர்வு உள்ள ஆளாத் தேடறோம்." பிறகு பார்வையை என்மேல் இறக்கினார். "சனிக்கிழமை மகுடத்துக்கு ஒரு பாராட்டு விழா. நகல் ஒண்ணு செஞ்சு வெச்சிருக்கோம். மன்னரோட குடிமக்கள் வழிவந்தவர்ங்கற முறையில நீங்க அதைப் போட்டுக்கிட்டு மேடையில நாலு வார்த்தை பேசணும்."

"குடிமக்கள் எப்பிடி மகுடம் போடுவாங்க?" என்று கேட்டாள் மனைவி. சமூகத்தின் குரலைக் கேட்கும் நேரம் அத்துடன் முடிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஆரம்பித்தாள். "பிரிமணையத் தலையில வெச்சுக்கிட்டு நிக்கப் போறீங்களா? நம்ம சொந்தக்காரங்க போட்டோவப் பாத்தா, பானை எங்கன்னு கேக்க மாட்டாங்க?"

"பதவிம்மா."

"பதவிக்காக எதை வேணா தலையில வெச்சுப்பீங்களா?"

"எல்லாரும் தலையில தூக்கி வெச்சாத்தான் பதவியே வருது."

அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பல்லைப் பிடுங்குவதா, அடைத்து அனுப்புவதா என்று யோசிக்கும் பார்வை. "சரி, நான் ஒண்ணும் பேசல" என்றாள். என் மனைவி ஒன்றும் பேசமாட்டேன் என்றால் ஏதோ செய்யப்போகிறாள் என்று அர்த்தம். அது தெரிந்தும், துணை மேலாளர் நாற்காலி கண்ணை மறைத்தது.

சனிக்கிழமை அருங்காட்சியகத்தின் பெரிய கூடத்தில் விழா. எங்களைக் கௌரவிக்கும் பொருட்டு, பானகம் போல ஏதோ ஒரு பழரசத்தை நம் பாணியில் பெரிய மண்பானையில் ஊற்றி மேடையிலேயே வைத்திருந்தார்கள். பானைக்கு அடிப்பாகம் உருண்டை. மேசைக்கோ மேற்பரப்பு தட்டை. ஆகவே வெள்ளைக் கையுறை அணிந்த பரிசாரகர்கள் இருவர், பிரசவ அறைத் தாதிகளைப் போல, பானையை இருபுறமும் பிடித்துக்கொண்டே நின்றார்கள்.

காப்பாட்சியர் நகல் மகுடத்தை என் தலையில் சூட்டினார். நார் குத்தியது. கண்ணில் நீர் வந்தது. அதைக் கண்டு மேலாளர் தாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கள் மாமன்னர் இதை அணிந்து வீதியுலா வந்தபோது" என்று தொடங்கினேன். எந்த மன்னர், எந்த வீதி என்று எனக்குத் தெரியாது. கேட்டவர்களுக்கும் தெரியாது. அதனால் பேச்சு வெள்ளமாகப் பெருகியது. கூடம் முழுவதும் தலைகளை ஒருபக்கம் சாய்த்து "ம்ம்" என்றது. வெளிநாட்டில் நான் இவ்வளவு மதிக்கப்பட்டதே இல்லை. நெஞ்சு நிமிர்ந்தது. இதுவரை என்னைப் பெயர் சொல்லத் தெரியாமல் 'அந்தக் கணினி ஆள்' என்று குறிப்பிட்டவர்களெல்லாம் முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒரு பரிசாரகர் தும்மினார். பானை புரண்டு, மேடையில் உட்கார்ந்திருந்த மேலாளரின் மடியில் பாதிப் பழரசத்தைச் சாய்த்தது. எல்லாரும் பாய்ந்து பிடித்தார்கள். நிமிர்த்தினால் இந்தப் பக்கம் சாய்கிறது. தாங்கினால் அந்தப் பக்கம் சாய்கிறது. முனைவர் பட்டம் பெற்ற இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, இடமா வலமா என்று அங்கேயும் வாதாடினார்கள்.

என் மனைவி நிதானமாக மேடையேறினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. என் தலையிலிருந்த மகுடத்தை எடுத்தாள். பானையை லேசாகத் தூக்கச் சொல்லிச் சைகை காட்டி அடியில் வைத்தாள். பானை குத்துக்கல் போல உட்கார்ந்தது.

 மேலாளரின் கால்சட்டையிலிருந்து பழரசம் சொட்டும் சத்தம் மட்டும் கூடத்தில் கேட்டது. துணை மேலாளர் நாற்காலி போயிற்று, அநேகமாக ஆபீஸில் இப்போது உட்கார்ந்திருக்கும் நாற்காலியும் சேர்ந்தே போயிற்று என்று நினைத்தேன். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

காப்பாட்சியர் மெல்ல எழுந்தார். குரல் தழுதழுத்தது. "இவ்வளவு வருஷமாத் தப்பாவே புரிஞ்சுக்கிட்டிருக்கோம்."

"அப்பாடா" என்றாள் மனைவி.

"மகுடம் மனுஷனுக்கு இல்ல. பானைக்கு. அந்த நாட்டுல பானைதான் ராஜா."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. மகுடம் மன்னருக்கு அடியில் இருக்கிறதே என்று ஒருவர் ஐயம் எழுப்ப, அதுதான் கீழைத்தேயப் பணிவு என்று விளக்கம் தரப்பட்டது. அடுத்த வாரமே பலகை மாறியது: 'மாமன்னர் பானையார், தம் நார் மகுடத்தின்மீது.' புதிதாக ஆய்வு மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள். பானை மன்னனின் பணிவுள்ள குடிமகன் என்ற தகுதியில் துணை மேலாளர் நாற்காலியும் எனக்கே கிடைத்தது.

புதுப் பலகையைப் பார்க்க எங்களைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். பார்த்து முடித்ததும் மனைவி காப்பாட்சியரிடம் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"இது எங்க ஊர்ச் சாமான்னு ஒத்துக்கறீங்கல்ல?"

"சந்தேகமே இல்ல."

"இங்க எப்பிடி வந்துச்சு?"

"சேகரிப்புல வந்து இணைஞ்சுது."

"யாராச்சும் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்கன்னு சொல்ல முடியாது. வந்துச்சு."

"தானாவா?"

"கப்பல்ல. ஒரு பட்டாளம் துணைக்கு வந்துச்சு."

"அப்பத் திருப்பிக் குடுத்துடலாமே."

காப்பாட்சியர் பெற்ற தாயின் பரிவோடு சிரித்தார். "உங்க ஊர்ல பத்திரமா வெச்சுக்க மாட்டீங்கம்மா. பானைக்கு அடியில வெச்சுடுவீங்க."

இந்தத் தொலைநோக்கு நமக்கு எந்தக் காலத்தில் வரும் என்று ஏங்கியபடி வெளியே வந்தேன். வாசலில் காவலாளி எங்களை மட்டும் நிறுத்தி, மனைவியின் கைப்பையைத் திறந்து, சீப்புவரை எடுத்துப் போட்டுத் துழாவினார். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. நான்தான் சமாதானப்படுத்தினேன்.

"கோவப்படாத. அனுபவஸ்தங்க. அடுத்தவங்க வீட்டுச் சாமான் எப்பிடி வெளிய போகும்னு இவங்கள விட வேற யாருக்குத் தெரியும்?"