மாமா கடைக்கு வந்த நாற்பது பேர்

யாரையும் கேட்காமல் வாக்குக் கொடுப்பதில் இளம் வயதிலேயே எனக்கு நல்ல தேர்ச்சி. சுற்றுலா வழிகாட்டியாகச் சேர்ந்த முதல் வாரமே, மலேசியாவின் பொந்தியான் ஊரில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஷாகுல் மாமாவிடம், "சனிக்கிழமை சென்னையிலேருந்து நாப்பது பேர் வராங்க. மத்தியானச் சாப்பாடு உங்க கடையிலதான்" என்று சொல்லிவிட்டேன். (வழிகாட்டி என்றால் வழியை நான்தானே காட்டுவேன் என்ற நினைப்பு.)

சனிக்கிழமை பஸ் கிளம்பிய பிறகுதான் அட்டவணையைப் படித்தேன். சாப்பாடு கம்பெனியின் சொந்த மண்டபத்தில். நினைவுப் பொருள் கம்பெனியின் சொந்தக் கடையில். எல்லாவற்றுக்கும் சென்னையிலேயே கட்டணம் வாங்கியாயிற்று. பொந்தியானை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

மாமா போனில் வந்தார். "பிரியாணி தம்முல இருக்கு. எங்க வர்றீங்க?"

"பக்கத்துல மாமா."

ஓட்டுநரிடம் போனேன். "அண்ணே, டாய்லெட்டுக்குன்னு சொல்லி எங்க மாமா கடையில அஞ்சு நிமிஷம் நிறுத்துங்க."

"பஸ் எங்க நிக்குதுன்னு ஆபீஸ்ல தெரியும் லா. எனக்குத்தான் ஏச்சு விழும்."

"நான் பேசிக்கிறேன்." (மறுபடியும் வாக்கு.)

வாடிக்கையாளர்களை எல்லாம் அனுப்பிவிட்டு, மேசைகளில் இலை போட்டு, புதுச் சட்டையில் வாசலில் நின்றார் மாமா. நாற்பது பேரும் பஸ்ஸிலிருந்து இறங்கி, இலைகளைத் தாண்டி நேராகப் பின்பக்கம் போய் வரிசையில் நின்றார்கள். திரும்பி வந்த ஒவ்வொருவரிடமும் மாமா, "உக்காருங்க, சாப்பிடலாம்" என்றார்.

"வாசனை தூக்குதுங்க. ஆனா மண்டபத்துச் சாப்பாட்டுக்குச் சென்னையிலேயே பணம் கட்டிட்டோமே."

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மேலாளர். எடுத்தேன்.

"பஸ் ஏன் அங்க நிக்குது?"

"டாய்லெட் சார்."

"நம்ம மண்டபத்துல இல்லாத டாய்லெட்டா?"

மாமா கரண்டியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக வந்த அம்மா ஒருவர் பாட்டிலில் வெந்நீர் நிரப்பித் தரக் கேட்டார். மாமா நிரப்பிக் கொடுத்தார். அந்த நாற்பது பேரால் பொந்தியானில் நடந்த வியாபாரம் அந்த இலவச வெந்நீர்தான். சாப்பிட்டது ஓட்டுநர் மட்டும், இரண்டு ஆள் சாப்பாடு.

சாயங்காலம் எனக்கு வேலை போயிற்று. மாமா பிரியாணியைத் தெரு முழுக்கக் கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பிறகு எனக்கு வேறு வேலை கிடைத்து, கல்யாணமும் ஆகிவிட்டது. இன்றும் வீட்டு விசேஷத்துக்கு இத்தனை பேர் வருவார்கள் என்று நான் வாயெடுத்தால் போதும், சமைக்க வந்திருக்கும் மாமா சமையலறையிலிருந்து நிதானமாகக் கேட்பார்:

"தம்பி, சாப்பிட வர்றாங்களா, டாய்லெட்டுக்கு வர்றாங்களா?"