யானைக் காசும் எழுபத்தைந்து வாட் பல்பும்

தேவராஜ மொஹல்லா,
மைசூர்.
1976, ஐப்பசி மாதம்.

சிரஞ்சீவி சாம்பசிவனுக்கு, அத்திம்பேர் பட்டாபிராமன் அநேக ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இவ்விடம் எல்லோரும் சௌக்கியம் என்ற வரியை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவது என் வழக்கம். இந்தத் தடவை அதைக் கொஞ்சம் ஒத்திப்போடுகிறேன். வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் பொறுத்துக்கொள். காரணம் கீழே வரும்.

பழைய நாணயங்களின் தேய்மானத்தைப் பார்த்துத் தரம் சொல்ல எந்த வெளிச்சம் சிலாக்கியம் என்று ஆடி மாதம் உனக்கு எழுதிக் கேட்டிருந்தேன் அல்லவா? அப்போது என் மேஜைக்கு மேலே டியூப்லைட் இருந்தது. அதன் கீழே வைத்தால் எல்லாக் காசும் அரிசி மாவு பூசினாற்போல் ஒரே மாதிரி தெரிந்தது. கீறலும் இல்லை, மேடு பள்ளமும் இல்லை. டியூப்லைட் நிழலைத் தின்றுவிடும், அறையை இருட்டாக்கி, பால் நிறத்து எழுபத்தைந்து வாட் பல்பு ஒன்றை இடப்பக்கம் சாய்வாக வைத்து, காசை விரலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள் என்று நீ பதில் போட்டாய். நல்ல யோசனை. மார்க்கெட்டுக்கு எதிரே இருக்கும் கடையில் மேஜை விளக்கு வாங்கி அப்படியே செய்தேன். மைசூர் ராஜா காலத்து யானைக் காசு ஒன்றைப் பிடித்தேன், விளிம்பு ஜோராகத் தெரிந்தது. நடுவில் இருக்கவேண்டிய யானையைத்தான் காணோம். வெளிச்சம் போதவில்லை என்று விளக்கைக் கிட்டே இழுத்தேன், இன்னும் கிட்டே இழுத்தேன், கடைசியில் என் இடது புருவம் பொசுங்கி, அந்த வாசனைக்குப் பால் பொங்கித் தீய்ந்துவிட்டதென்று உன் அக்கா கரண்டியோடு ஓடி வந்தாள். வந்தவள் என்னைப் பார்த்துவிட்டு, "ஏன்னா, காசை வறுக்கறேளா, உங்களை வறுத்துக்கறேளா?" என்றாள்.

பல்பு பிரயோஜனமில்லை, மின்சார வெட்டு வேறு, இனி சூரிய பகவான்தான் என்று பூதக்கண்ணாடியோடு மொட்டை மாடிக்குப் போனேன். அங்கே வீட்டுச் சொந்தக்காரி ஜயம்மா அப்பளம் உலர்த்தியிருந்தாள். நடந்து போனபோது காலடியில் ஏதோ நொறுங்கிற்று. சருகு என்று நினைத்து மேலே நடந்தேன். "ஏன் ஸ்வாமி, கண்ணு காண்ஸல்வா? ஹப்பளா எல்லாம் ஹாளாய்த்து!" என்று அப்பளம் பாழானதற்கு அவள் போட்ட கூச்சல் அடுத்த தெருவரைக்கும் கேட்டிருக்கும். கண் தெரியவில்லையா என்பது எல்லோரும் எல்லோரையும் திட்டுகிற வார்த்தைதானே, அதை யார் கேள்வியாக எடுத்துக்கொள்வார்கள்? வெயிலில் கண் கூசுகிறது, தாமிரத்தின் நிறமும் பொய்யாகத் தெரிகிறது என்று அவளுக்கு விளக்கிச் சொன்னேன். அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

இந்த லட்சணத்தில் எங்கள் நாணயச் சங்கத்தின் கண்காட்சி வந்தது. வருஷா வருஷம் பரிசுக்கு நான்தான் நீதிபதி. மேஜைமேல் தட்டுத் தட்டாகக் காசுகள். கூடத்தில் நாலு டியூப்லைட். ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் ஒரு பித்தளைக் காசு மட்டும் கைக்கு வழவழவென்று வந்தது, விளிம்பு பளிச்சென்றிருந்தது. அதை உயர்த்திக் காட்டி, "ஆதி மெருகு அப்படியே இருக்கிறது, லேசான தேய்மானம்தான், முதல் பரிசு" என்று கணீரென்று சொன்னேன். என் சிநேகிதர் கேசவமூர்த்தி எழுந்து வந்து, "பட்டாபி, பேடா, வேண்டாம், அதைக் கீழே வெச்சுடுங்கோ. அது காசு இல்லை, நான் ஓட்டல்லேர்ந்து மறந்து எடுத்துண்டு வந்த காபி டோக்கன் பில்லை" என்று காதோடு சொன்னார். காதோடுதான் சொன்னார், முன்வரிசைக்குக் கேட்டுவிட்டது. முதலில் ஒருவன் சிரித்தான், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சாம்பு. வேடிக்கைக்குத்தான் சொன்னேன் என்று காட்டிக்கொள்ள வேண்டாமா?

மறுநாள் காலையில் கூடத்து விளக்கைப் பற்றிச் சங்கத்துக்கு ஒரு புகார் எழுத உட்கார்ந்தேன். உன் அக்கா ஸ்நானம் பண்ணிவிட்டு வந்து எனக்கு நேரே நின்றாள். "என் மூஞ்சியைப் பாருங்கோ. நெத்தியிலே குங்குமம் இருக்கா?" என்றாள். இருக்கிறது என்றேன். வேறென்ன சொல்வேன்? காது தெரிந்தது, ஈரத் தலையில் சுற்றியிருந்த துண்டு தெரிந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மசிக் கறை. "ஏன்னா, நான் இன்னும் இட்டுக்கவே இல்லை" என்று சொல்லிவிட்டு அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கண் டாக்டரிடம் அழைத்துப் போனாள். ஜன்னலைச் சாத்தி, அறையை இருட்டாக்கி, ஒரே ஒரு மெல்லிய வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்வாக விட்டு, இப்படிப் பாருங்கள், அப்படிப் பாருங்கள் என்று என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாட்சாத் நீ எழுதிய முறையேதான். காசு இருக்கிற இடத்தில் நான் இருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். கண்ணுக்குள் இருக்கும் திரை நடுவில் தேய்ந்துவிட்டதாம். மருந்தில்லை, ஆபரேஷனும் இல்லை. முழு இருட்டு வராது, ஓரப் பார்வை நிற்கும், நடுவில் இருப்பது மட்டும் போய்க்கொண்டே இருக்கும் என்றார். 'நடுவில் மிகவும் தேய்ந்தது, ஓரம் பரவாயில்லை' என்று நானே எத்தனையோ காசுக்கு எழுதியிருக்கிறேன். அப்படிப்பட்ட காசை யாரும் கண்காட்சிக்கு எடுப்பதில்லை.

ஆகையால் சங்கத்திலிருந்து விலகிவிட்டேன். நாணயப் பெட்டியை நீ பொங்கலுக்கு வந்து எடுத்துக்கொண்டு போ. மேஜை விளக்கையும் எடுத்துக்கொள். உன் அக்காவுக்கு இதில் சந்தோஷமே. கல்யாணமான நாள் முதல் அவள் பெட்டியைச் செப்புக் குப்பை என்றுதான் சொல்லி வருகிறாள். உன் சம்சாரத்துக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம். எல்லோரும் நீண்ட ஆயுளோடும், முக்கியமாக நல்ல கண்ணோடும் இருக்க அந்தச் சாமுண்டீசுவரி கிருபை செய்யட்டும். ஒத்திப்போட்ட வரியை இப்போது எழுதிவிடுகிறேன்: இவ்விடம் மற்றபடி எல்லோரும் சௌக்கியம்.

இப்படிக்கு,
பட்டாபிராமன்.

பி.கு.: பெட்டிக்காக நீ வர வேண்டாம். கவரை ஒட்டப் போகும் சமயம் கேசவமூர்த்தி வந்தார். ஹனூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் கிடைத்ததென்று ஒரு யானைக் காசை நீட்டினார். இனி எனக்கெதற்கு என்று கையை இழுத்துக்கொண்டேன். உன் அக்கா சமையலறையிலிருந்து வந்து, ஜன்னலைச் சாத்தி, விளக்கை இடப்பக்கம் சாய்த்து வைத்து, காசை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். "எங்கே பார்க்கணும், சொல்லுங்கோ" என்றாள். தும்பிக்கை என்றேன். "முழுசா இருக்கு." கால்? "நாலும் இருக்கு." கீறல்? "முதுகிலே ஒண்ணு, பழசு." அப்புறம் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "யானை திடமாத்தான் நிக்கறது. கண்ணுதான் தேஞ்சு போயிடுத்து."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது போலும். நான்தான் முதலில் சிரித்தேன். இந்தத் தடவை நிஜமாகவே. கேசவமூர்த்தியும் சிரித்தார். உன் அக்கா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. "பெட்டி எங்கேயும் போகாதுன்னு சாம்புவுக்கு எழுதுங்கோ" என்றாள். எழுதிவிட்டேன்.